சேலைக்கு மேலேயே ஊசி போட்டவர்

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் நூறு நாள் வேலையில் கருவேலம் வெட்டும்போது, பக்கத்து வீட்டு அக்காவைக் கதண்டுக் குளவிகள் கொட்டிவிட்டன. முகம் வீங்கி மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸில் வந்த டெக்னீசியன் ஒல்லியான மனிதர். எதையும் நோயாளியிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தார்.

“அக்கா, தொடையில ஊசி போடுறேன்.”

அக்காவின் வீட்டுக்காரர் குறுக்கே வந்து நின்றார். “பொம்பளைக்குத் தொடையிலயா? கையில போடுங்க.”

“தொடையில போட்டாத்தாண்ணே மருந்து சீக்கிரம் ஏறும். சேலைக்கு மேலயே போடுறேன், வெலகுங்க.”

அவர் விலகவில்லை. நாங்கள் நாலு பேர் சேர்ந்து அவரை இழுப்பதற்குள் அக்காவின் உதடு நீலம் பாரித்துவிட்டது. பிறகுதான் ஊசி போட முடிந்தது. வீட்டுக்காரரோடு நானும் வண்டியில் ஏறிப் போனேன். போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் வீட்டுக்காரர் டெக்னீசியனிடம் கேட்டார். “நான் மறிச்சதாலயா தம்பி?”

“இல்லண்ணே. நாங்க வந்ததே லேட்டு. எங்க தப்புதான்,” என்றார் டெக்னீசியன்.

வண்டி சீக்கிரமே வந்திருந்தது. எனக்குத் தெரியும். லேட்டாக வந்தார் என்று ஊரில் இன்றும் டெக்னீசியனைத்தான் ஏசுகிறார்கள். வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்து நானும் வாயைத் திறப்பதில்லை. ஆனால் நாளைக்கு இன்னொருவர் இதேபோல் குறுக்கே நின்றால் என்ன ஆகும் என்ற பயம் மட்டும் என்னை விடவில்லை.