பின்பாரம்

என் கணவர் விமானம் கட்டினார். ஓசூரில் இப்படிச் சொன்னால் ஏதோ கம்பெனி வேலை என்று நினைப்பார்கள். அதில்லை. வாடகை ஷெட்டில் ஞாயிறு ஞாயிறாக ஆறு வருடம் மல்லுக்கட்டி, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றைக் கட்டி, பறக்க அனுமதியும் வாங்கிவிட்டார்.

நான் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். அதனால் எடைக் கணக்கு என் தலையில் விழுந்தது. விமானத்தின் மொத்தப் பாரமும் கூடி நிற்கும் புள்ளி ஒன்று உண்டு. அது எல்லை தாண்டிப் பின்னால் போனால் மூக்கு தானாக மேலே தூக்கும். வேகம் குறைத்து இறங்கும் நேரத்தில் அது ஆளையே கொல்லும். எங்கள் பெட்ரோல் தொட்டியோ முன்பக்கம் இருந்தது. பறக்கப் பறக்க முன்பாரம் குறையும். கிளம்பும்போது சரியாக இருப்பது இறங்கும்போது சரியாக இருக்காது.

இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இடமில்லை என்று பேட்டரியை இருக்கைக்குப் பின்னால் மாட்டியிருந்தார். அது போதாதென்று ஏழு கிலோ டூல்ஸ் பையையும் அங்கேயே திணிப்பார்.

"ஏங்க, தொட்டி காலியாச்சுன்னா அந்தப் புள்ளி எல்லைய விட்டு அரை அங்குலம் பின்னாடி போயிடுது. பைய எடுத்துடுங்க."

"அரை அங்குலமா? மேல ஏறுறது கீழ எறங்காதா? கம்முனு இரு."

தொழிற்சாலையில் நூலளவு பிசகினால் சரக்கைத் திருப்பி அனுப்புகிறவள் நான். வீட்டில் அரை அங்குலத்துக்கு மதிப்பில்லை. ஒரு ஞாயிறு, கிளம்புமுன் பையை நானே எடுத்து ஷெட்டில் வைத்தேன்.

அன்று காலை கிருஷ்ணகிரி அணையைச் சுற்றி, மத்தூர் வரை போய்த் திரும்பினோம். அவருக்கு ஒரே குஷி. ஓடுதளம் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தார். மூக்கு மெல்ல எழுந்தது. மூக்கை இறக்கக் கட்டுப்பாட்டுக் கம்பியை முன்னால் தள்ளினார். மறுபடி எழுந்தது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"பை உள்ள இருக்குதா?" என்றேன்.

அவர் ஓடுதளத்தையே பார்த்துக் கம்பியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இருக்குதா, இல்லியா?"

"வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா வேணும்னுதான்..."

எனக்கு வந்த கோபத்தில் பயம்கூட மறந்துபோனது. "எறக்காதீங்க! மேல தூக்குங்க, இன்னொரு சுத்து வாங்க!" என்று கத்தினேன்.

எஞ்சினை முடுக்கி மேலே தூக்கினார். நான் தோள்பட்டை வாரைத் தளர்த்தி, பின்னால் கைவிட்டு, பையை இழுத்தேன். கை தோளோடு கழன்றுவிடும்போல் இருந்தது. மடிக்கு வந்ததும் காலடியில் இறக்கி, முன்பக்கம் தள்ளி, இரண்டு பாதங்களாலும் அண்டைகொடுத்துக்கொண்டேன். நல்லவேளை, விமானத்தைத் திருப்பும் கால்மிதிகளெல்லாம் அவர் பக்கம் மட்டும்தான்.

வாரை இறுக்கிக்கொண்டு, "இப்ப எப்படி இருக்குது?" என்றேன்.

"பரவால்ல. கம்பி கொஞ்சம் பேச்சக் கேக்குது."

"வேகத்த ரொம்பக் குறைக்காதீங்க."

வேகமாகத்தான் வந்தார். சக்கரம் தொட்டது, ஒரு துள்ளு துள்ளியது, பிறகு பாதி ஓடுதளத்துக்குமேல் ஓடி நின்றது. எஞ்சினை அணைத்தார். அப்புறம் அவர்தான் வாயைத் திறந்தார்.

"பாத்தியா, நல்லாத்தான எறங்குச்சு?"

நான் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தேன். பேட்டரி முன்னால் போகும்வரை ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே எஞ்சின் பக்கம் அதற்கு ஒரு தாங்கி செய்தார். மறுபடி எடை பார்த்தோம். காலித் தொட்டியிலும் புள்ளி எல்லைக்குள் நின்றது.

அடுத்த ஞாயிறு ஷெட்டுக்கு வந்த நண்பரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "பேட்டரி பின்னாடி இருந்தா எறங்கறப்ப ஆபத்துப்பா. நான் கணக்குப் போட்டுப் பாத்துதான் மாத்தினன்."