ஆர்டிஸ் எட்டுப் பேரைச் சேர்த்த கதை

ஆர்டிஸ் என் அண்ணன் ஹார்லனுக்கு வாக்கப்பட்டு வந்தபோது, எங்கள் வீட்டுச் சமையலறையில் யானைச் சின்னக் கட்சியின் ஜனாதிபதி ஒருவரின் படம் தொங்கியது. தாத்தா மாட்டியது. தாத்தா, அப்பா, சித்தப்பாமார் மூன்று பேர், அவர்கள் பெண்டாட்டிமார் எல்லாருமே யானைக் கட்சிதான். ஆர்டிஸ் எதிர்க்கட்சியான கழுதைக் கட்சி வீட்டுப் பெண். மழை பொய்த்த காலத்தில் அந்தக் கட்சிதான் அவள் அப்பாவுக்குச் சாலை வேலை கொடுத்து வீட்டில் அடுப்பெரிய வைத்ததாம். வந்த மறுநாளே தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் ஆணியடித்து, தன் கட்சி ஜனாதிபதியை மாட்டினாள்.

அப்புறம் முப்பத்தாறு வருஷம் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு கட்சி. ஒரே வண்டியில் போய் ஓட்டுப் போட்டுவிட்டு ஒரே வண்டியில் திரும்புவார்கள்.

ஆர்டிஸ் இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். எங்கள் ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற யாரும் அவள் அதட்டலுக்குத் தப்பியதில்லை. அந்த வேலையை விட்ட வருஷம்தான் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதியை மூடினார்கள். அடுத்த ஜனவரியில் அவள் மகள் ரெனேவுக்கு வலி எடுத்தது. நாற்பத்து மூன்று மைல் போக வேண்டும். பாதி வழியில், தானியக் கிடங்குக்கு எதிரே, ஹார்லனின் வண்டியிலேயே குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆர்டிஸ் மட்டும் அதை மறக்கவில்லை.

எங்கள் ஐயோவா மாநிலத்தில் ஜனாதிபதி வேட்பாளர்கள் வீட்டுச் சமையலறைக்கே வருவார்கள். அந்த அறுவடைக் காலத்தில் கழுதைக் கட்சி வேட்பாளராக விரும்பிய மூன்று பேர் வந்தார்கள். ஆர்டிஸ் மூவரையும் ஒரே கேள்விதான் கேட்டாள்: "எங்க ஊர்லேர்ந்து பிரசவ ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், சொல்லுங்க பாப்போம்?"

இரண்டு பேர் சுற்றி வளைத்து ஏதோ பேசினார்கள். மூன்றாவது ஆள், எங்கோ மலைப்பக்கத்துச் செனட்டர், "தெரியலைங்க. நீங்களே சொல்லுங்க" என்றார். சொன்னாள். குறித்துக்கொண்டார். மறுவாரம் அடுத்த ஊர் மேடையில் 'நாற்பத்து மூன்று மைல்' என்று அவர் பேசியதை ரேடியோவில் கேட்டாள். அன்றைக்கே அவருக்கு ஆள் சேர்க்கத் தொலைபேசியைக் கையில் எடுத்தவள் ஜனவரி வரை வைக்கவில்லை.

கட்சி வேட்பாளரை ஊர்க்காரர்களே தேர்ந்தெடுக்கும் கூட்ட நாள் வந்தது. இரண்டு கட்சிக்கும் ஒரே மாலைதான். யானைக்குத் தீயணைப்பு நிலையம், கழுதைக்குப் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடம். ஹார்லன்தான் பனியில் வண்டி ஓட்டினான். நான் வேடிக்கை பார்க்க ஏறிக்கொண்டேன்.

"இந்தக் குளிர்ல எதுக்குடி ரெண்டு பேரும் போகணும்?" என்றான். "நீ ஒண்ணு, நான் ஒண்ணு. கழிச்சா பூஜ்யம். வீட்ல உக்காந்து சூப் குடிக்கலாம்."

"அப்ப நீ போய்க் குடி. கழிக்கிறதுக்கு ஆள் இல்லாம போகட்டும்."

எங்களைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு அவன் தீயணைப்பு நிலையத்துக்குப் போனான். கூடத்தில் ஓட்டுப்பெட்டியும் இல்லை, சீட்டும் இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை, அவரவர் ஆளின் மூலையில் போய் நிற்க வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை கலைந்துவிடும்; அதில் நின்றவர்கள் வேறு மூலைக்குப் போகலாம். அன்று வந்தவர்கள் ஐம்பத்திரண்டு பேர்; ஆகவே ஒரு மூலைக்கு எட்டுப் பேராவது வேண்டும். கூட்டத்தலைவர் மருந்துக்கடை ஆர்லோ எண்ணினார். பெரிய மூலையில் இருபத்தெட்டு, அடுத்ததில் பதின்மூன்று. ஆர்டிஸின் மூலையில் ஏழு. கடைசி மூலையில் நாலு.

"ஆர்டிஸ், ஒண்ணு குறையுது. அரை மணி நேரம் தர்றேன். அதுக்குள்ள ஆளைப் பிடி, இல்லைன்னா மூலையைக் கலைச்சிடு" என்றார் ஆர்லோ.

நாலு பேர் மூலையும் எப்படியும் கலைந்தாக வேண்டும். அந்த நாலு பேரைப் பிடிக்கப் பெரிய மூலைக்காரர்கள் தட்டு நிறையப் பலகாரத்தோடு கிளம்பினார்கள். மூன்று பேர் தட்டின் பின்னாலேயே போய்விட்டார்கள். மிச்சமாக நின்றது ஒரே ஒருத்தி, வெல்டா.

வெல்டா பதினான்கு வருஷமாக ஆர்டிஸோடு பேசுவதில்லை. தேவாலயத்தில்கூட வேறு வரிசையில்தான் உட்காருவாள். அவள் மகன் கிர்க், பஸ்ஸில் முன்னால் இருந்த பெண்ணின் சடைக்கிட்டே தீக்குச்சி கிழித்திருக்கிறான். ஆர்டிஸ் பஸ்ஸை நிறுத்தி அவனை இறக்கி, மிச்ச அரை மைலை நடக்க வைத்தாள். அதுதான் பகை.

ஆர்டிஸ் நேரே போய் எதிரே நின்றாள்.

"வெல்டா, எனக்கு ஒரு ஆள் வேணும்."

"தெரியுது. தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே வந்து நிக்கறேன்."

ஆர்டிஸ் தன் மூலையில் நின்ற ஆறு பேரையும் திரும்பிப் பார்த்தாள். அவர்களில் ஒருத்தன், "சொல்லிடேன் ஆர்டிஸ், வெறும் வாய்வார்த்தைதானே" என்று முணுமுணுத்தான். மூன்று மாத உழைப்பும் அந்த ஒரு வார்த்தையில் தொங்கியது.

"சொல்ல மாட்டேன். அவனை இறக்கினது சரிதான். இன்னைக்கு நடந்தாலும் இறக்குவேன். உன்கிட்ட அதுக்காக வரலை. உன் மருமக மாசமா இருக்கா. அவளுக்கும் அதே நாப்பத்து மூணு மைல்தான். ரெனேவுக்காவது பனி நின்னிருந்துச்சு."

ஆர்லோ கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய மூலைக்காரி ஒருத்தி தட்டை நீட்டினாள். வெல்டா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஒரு ஓட்டுக்காகக்கூடப் பொய் சொல்ல மாட்டேங்கறியே, நீயெல்லாம் அரசியல் பண்ணி உருப்படுவியா?" என்றாள் மென்றுகொண்டே. "அந்தப் பய அப்பவே போக்கிரிதான். எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்ததும் நானும் ரெண்டு வச்சேன்."

சொல்லிவிட்டு, கூடத்தின் குறுக்கே நடந்து, ஆர்டிஸின் மூலையில் போய் நின்றாள்.

"எட்டு," என்றார் ஆர்லோ. "நிக்குது இந்த மூலை."

கூடம் கைதட்டியது. எதிர் மூலையிலிருந்துகூடத் தட்டினார்கள். பாதிப் பேர் அவள் பஸ்ஸில் போனவர்கள்தானே.

மாவட்டக் கூட்டத்துக்கு அந்த மூலையிலிருந்து ஒரு பிரதிநிதியை அனுப்ப வேண்டும். இத்தனை வருஷமும் வாசலில் பெயர் எழுதி, காபி ஊற்றி, நாற்காலி மடக்கியவள் ஆர்டிஸ்; பிரதிநிதியாகப் போனதில்லை. யாரை அனுப்பலாம் என்று ஆர்லோ கேட்டு முடிக்கவில்லை.

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? ஆர்டிஸ்னு எழுதுங்க," என்றாள் வெல்டா. "அங்க போயும் இதே மாதிரி நிக்கட்டும்."

தாளை அவள் முன் நீட்டினார்கள். ஆர்டிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டத்தைத் தாண்டி, தாளின் ஓரம் வரைக்கும் ஓடுகிற மாதிரி பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதினாள்.