இருபத்திரண்டாவது கேள்வி

என் மேசை இழுப்பறையில், ரோணியோவில் படியெடுத்த தாள் ஒன்று இருக்கிறது. நான்கு பக்கம். பழுத்து, மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் காகிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். தலைப்பில் பல்கலைக்கழகத்தின் இலச்சினை. அதன் கீழே 'வாக்காளர் கருத்தாய்வு' என்றும் 'பெயர் எழுதத் தேவையில்லை' என்றும் இருக்கும். மொத்தம் இருபத்திரண்டு கேள்விகள், பதில்கள் என் கையெழுத்தில். கடைசிப் பக்கத்தின் அடியில், யாரும் கையொப்பம் கேட்காத இடத்தில், பெரியப்பா தன் பெயரை முழுதாக எழுதியிருக்கிறார். பக்கத்தில் அவருடைய பெருவிரலின் தவிட்டு நிறக் கறை. வீடு ஒதுக்கும்போதெல்லாம் மனைவி, "இதையும் எறிஞ்சிரவா?" என்று கேட்பாள். வாங்கி உள்ளே வைத்துவிடுவேன்.

மாத்தளைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் ரப்பரும் கொக்கோவும் இருந்தன. கொக்கோ விதையைப் புளிக்கவைத்து, கழுவி, சிமெந்துத் தளத்தில் காயவைப்பது பெரியப்பாவின் வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தப் புளித்த வாசம் அவர் உடம்பை விட்டுப் போகாது. அம்மாவும் அப்பாவும் என் ஐந்து வயதுக்குள் தவறிவிட்டார்கள். பிள்ளையில்லாத பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் என்னை வளர்த்தார்கள். அப்பா போகும்போது எனக்கு விட்டுச்சென்ற ஒரே சொத்து பிரஜாவுரிமைப் பத்திரம். சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டத்து மக்கள் எல்லோரும் மனுப் போட்ட காலத்தில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே நாளில்தான் போட்டிருக்கிறார்கள். தம்பிக்குக் கிடைத்தது. அண்ணனுடையது தள்ளுபடியாகிவிட்டது. ஓரிடத்தில் கையெழுத்து விட்டுப்போயிருந்தது என்றார்களாம். ஒரே லய வீட்டு வரிசையில், ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு பேரில் ஒருவர் இலங்கையர், மற்றவர் ஒன்றுமே இல்லை. இதைப் பாடமாகப் படிக்கத்தான் நான் பல்கலைக்கழகம் போனேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அரசறிவியலைச் சிறப்புப் பாடமாக எடுத்தேன். முதல் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது பெரியப்பா விதையைக் கிளறிக்கொண்டே, "என்னாடா படிக்கிற?" என்று கேட்டார். இறைமை, அதிகாரப் பிரிவு என்று அவிழ்த்துவிட்டேன். மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். இரகசிய வாக்கெடுப்பைப் பற்றிச் சொன்னபோதுதான் அவர் கிளறிக்கொண்டிருந்த பலகை நின்றது. மறைப்புக்குள்ளே தனியாகப் போய் அடையாளமிட்டு, மடித்துப் பெட்டியில் போடுவார்கள், யாருக்குப் போட்டோம் என்பதை எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்றேன்.

"தொரை கேட்டாக்கூடவா?"

"சொல்லத் தேவையில்ல பெரியப்பா."

"பொலிசு கேட்டா?"

"ஆரு கேட்டாலுந்தான்."

அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது வரைக்கும் தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரிந்துவிடும் இடத்தில் அறுபது வருடம் வாழ்ந்தவர் அவர். அன்றைக்கு முழுவதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார் என்று பெரியம்மா சொன்னாள்.

நான் கடைசி ஆண்டுக்கு வந்தபோது இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. பொதுத் தேர்தல் நெருங்கியது. அத்தோடு, இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி பிரஜாவுரிமை இல்லாதவர்கள் விண்ணப்பிப்பதற்கான கடைசித் தேதியும் நெருங்கியது. தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் விண்ணப்பப் பாரங்களைக் கட்டாக வைத்துக்கொண்டு வீடுவீடாக எழுதிக்கொண்டிருந்தார். பெரியப்பா மட்டும் அவரிடம் எழுதவில்லை. "எங்க பையன் வந்து எழுதுவான். இந்தத் தடவ ஒரு புள்ளி பிசகக்கூடாது" என்றாராம். நானும், வந்து எழுதித் தருகிறேன் என்று கடிதம் போட்டிருந்தேன்.

வந்தேன். ஆனால் என் பையில் இருந்தவை வேறு தாள்கள். தேர்தலில் மக்கள் எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று ஆளுக்கொரு தொகுதியில் கேட்டு எழுதுவது எங்கள் வகுப்புக்குக் கொடுத்த வேலை. எனக்குக் கலேவெலப் பக்கம். முதலில் வீட்டில் யாரையாவது வைத்துக் கேட்டுப் பழகுங்கள் என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். பொறுமையான ஆள் யார் என்று பார்த்தேன், பெரியப்பாவைப் பிடித்தேன். "பெரியப்பா, கொஞ்சம் கேள்வி இருக்கு, ஒக்காருங்க, எழுதணும்." இவ்வளவுதான் சொன்னேன். என்ன கேள்வி, எதற்கு என்று சொல்லவில்லை. பாழாய்ப்போன என் வாய்க்கு அன்றைக்கு அந்த இரண்டு வார்த்தை பஞ்சமாகிவிட்டது.

அவர் உடனே உட்காரவில்லை. தண்ணீர்ப் பீலிக்குப் போய்க் குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பிறப்புப் பத்திரம் இருந்த பிஸ்கட் தகரத்தோடு வந்து அமர்ந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வயது என்ன, எங்கே பிறந்தீர்கள், இந்தத் தொகுதியில் எவ்வளவு காலமாக வசிக்கிறீர்கள் என்று என் தாளும் சொல்லிவைத்த மாதிரிப் பிரஜாவுரிமைப் பாரம் போலத்தான் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் நிதானமாக, சாட்சிகளின் பெயரோடு பதில் சொன்னார். போன தேர்தலில் வாக்களித்தீர்களா என்ற கேள்விக்கு, "அப்ப எனக்கு ஏதுடா வோட்டு? இனிமேதானே" என்றார். 'இல்லை' என்று எழுதினேன். அந்த 'இனிமேதானே' என் காதில் விழுந்தது. ஆனால் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு பேட்டிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று. கடைசிக் கேள்விக்கு அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தேன். முடிந்ததும் பேனையை வாங்கி, அடியில் கையெழுத்துப் போடத் தொடங்கினார்.

"கையெழுத்து வேணாம் பெரியப்பா."

"நீ சும்மா இரு. கையெழுத்து இல்லாமப் பட்டது போதும்."

போட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் பஸ் ஏறினேன். அவருடைய பாரத்தைத் திரும்பி வந்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தேதி கிட்ட வந்தபோதும் பதறவில்லை. இப்படிப்பட்ட தேதிகளை அரசாங்கம் எப்படியும் நீட்டும் என்பது அரசறிவியல் படித்தவனுடைய தெனாவட்டு. கலேவெலையில் ஆட்கள் வெங்காயம் கட்டிக்கொண்டே, வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டே எனக்குப் பதில் சொன்னார்கள். யாருக்குப் போடப்போகிறோம் என்பதை நான் கேட்பதற்கு முன்னாலேயே தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்கள். தாள்கள் மளமளவென்று நிறைந்தன.

தேதி நீளவில்லை. அது முடிந்து ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தேன். தாமதத்துக்கு ஒரு மனுவும் சேர்த்து அனுப்பிவிடலாம் என்று, "தலைவர்ட்ட பாரம் வாங்கி எழுதுவோம் பெரியப்பா" என்றேன். அவர் சிரித்தார். "எத்தன வாட்டிடா எழுதுவ? தலைவரு வந்து கேட்டாரு. எங்க பையன் யூனிவர்சிட்டி முத்திரை வச்ச பேப்பர்ல எழுதி, கையோட கொண்டு போயிட்டான்னு சொல்லி அனுப்பிட்டேன்." பெரியம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.  அது அந்தப் பாரமே இல்லை என்று அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை.

மூன்று மொழியிலும் மனு எழுதினேன். விரிவுரையாளரிடம் கடிதம் வாங்கினேன். கடைசியாக ஏறிய அரசாங்கக் கந்தோரில் இருந்த அதிகாரி நல்ல மனுஷன். உட்காரச் சொன்னார், எல்லாவற்றையும் வாசித்தார். சிங்களத்தில், "தம்பி என்ன படிக்கிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "அப்படியென்றால் நான் விளக்கத் தேவையில்லையே" என்று தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளி வைத்தார். அவர் கோபித்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை கத்தியிருப்பேன். தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

திரும்பி வந்து பெரியப்பாவிடம் சொன்னேன். விதை காயும் தளத்தில், வெயிலில், நின்றபடியே சொன்னேன். பலகையைத் தளத்தில் ஊன்றினார்.

"அப்ப அந்தப் பேப்பரு எதுக்குடா?"

"நான் படிக்கிறதுக்கு, பெரியப்பா."

"நான் சொன்னதெல்லாம்?"

"அதுவும் படிக்கிறதுக்குத்தான்."

திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருக்கலாம். "சரியா எழுதுனியா? அதுல பாஸாயிருவியா?" என்று கேட்டார். வாக்காளர் அல்லாத ஒருவருடைய தாளை ஆய்வில் சேர்க்க முடியாது என்று விரிவுரையாளரிடமிருந்து அது ஏற்கனவே என்னிடம் திரும்பி வந்திருந்தது. "பாஸாயிருவேன் பெரியப்பா" என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் நினைக்க நினைக்கக் கூசுவது அதுதான்.

சில வருடங்களில் தோட்டம் கைமாறி, துண்டு துண்டாகப் பிரிந்தது. எந்த நாட்டிலும் பெயர் இல்லாதவருக்கு எந்தத் துண்டும் கிடையாது. நான் அப்போது தூரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியன். என்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "ஒனக்கு எதுக்குடா பாரம்" என்று சொல்லிவிட்டு, லயத்துச் சனங்களோடு சேர்ந்து வவுனியாப் பக்கம் காடு வெட்டப் போய்விட்டார். அங்கே காய்ச்சலில் போனார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெரியம்மாவை மட்டும் கூட்டி வந்தேன். பிஸ்கட் தகரத்தை அவள் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

ஓய்வு பெறும்வரை பிள்ளைகளுக்குக் குடியியல்தான் கற்பித்தேன். ஒவ்வொரு தேர்தலிலும் போய் வாக்களிக்கிறேன். வந்து இழுப்பறையைத் திறக்கிறேன். இருபத்திரண்டாவது கேள்வி: 'எதிர்வரும் தேர்தலில் யாருக்கு வாக்களிப்பீர்கள்?' அன்றைக்கு வெள்ளைச் சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, அவர் சொன்னார்:

"அத மட்டும் கேக்காத. ஆரு கேட்டாலும் சொல்ல வேணாம்னு நீதானடா சொன்ன?"

நான் சிரித்துக்கொண்டே 'பதிலளிக்க மறுத்தார்' என்ற கட்டத்தில் அடையாளமிட்டேன். அந்த அடையாளம் இன்னும் அழியவில்லை. கலேவெலையில் நான் கேட்ட ஒருவருக்குக்கூட அந்தக் கட்டம் தேவைப்படவில்லை. பெரியப்பா யாருக்குப் போட நினைத்திருந்தார் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.