கன்னு பார்க்க வந்த டாக்டர்

லோயிஸம்மாவை நான் முதன்முதலில் பார்த்தது 1981-இல், மெட்ராஸிலிருந்து திருத்தணி வரும் பஸ்ஸில். பட்டமளிப்பு விழாவில் வாங்கிய சான்றிதழைச் சுருட்டி, கசங்கிவிடப் போகிறதே என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊருக்கே அதுதான் முதல் பட்டம். பக்கத்து சீட்டு அம்மா, "இன்னாப்பா அது, காலண்டரா?" என்றார்.

"பி.ஏ. டிகிரிங்க."

அவ்வளவுதான். கனகம்மாசத்திரத்தில் ஏறியவர்களிடமெல்லாம், "புள்ள டிகிரி வாங்கிகினு வருது, மேல சாயாதீங்க!" என்று ஒரே முழக்கம். கண்டக்டர் சிரித்தார். "இந்தம்மா ஒரு குரல் குடுத்தா ஊரே திரண்டு வந்துரும் சார். அந்தக் கதையக் கேளுங்க."

கேட்டேன். இறங்குவதற்குள் பாதிதான் முடிந்தது. மீதியை அவர் வீட்டுக்காரர் ஜெபதாஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நடந்தது 1974-இல். லோயிஸம்மா அப்போது மிஷன் விடுதியில் சமையல் வேலை. பிறந்தது ஆந்திராப் பக்கம். வாழ்க்கைப்பட்டுத் திருத்தணி வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் நாக்கிலிருந்து தெலுங்கு வாடை போகவில்லை. அந்த வருஷம் சபையின் வாலிபர் சங்கம் பள்ளிப்பட்டுக்கு அப்பால் உள்ள குக்கிராமங்களுக்கு மூன்று நாள் ஊழியப் பயணம் கிளம்பியது. பாட்டு, ஜெபம், கடைசி நாள் கண் வைத்தியம். வேலூரிலிருந்து ஒரு டாக்டர் வரச் சம்மதித்திருந்தார். ஆனால் கறாராக ஒன்று சொல்லிவிட்டார்: கண் கோளாறு உள்ளவர்கள் முப்பது பேராவது வந்தால்தான் மாதாமாதம் வருவேன், இல்லாவிட்டால் வேறு தாலுக்கா பார்த்துக்கொள்வேன்.

சோறு பொங்கத்தான் லோயிஸம்மாவைக் கூட்டிப்போனார்கள். போன இடத்தில் அவர், "ஆளு கூப்புடுற வேலைய எங்கிட்ட குடுங்க" என்று நின்றார்.

சங்கத்துச் செயலாளர் யோபுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா, உங்க தமிழக் கேட்டா வர்றவனும் ஓடிடுவான்."

"ஓடுறவன இழுத்துகினு வரேன் தம்பி. எங்க நைனாவுக்குக் கன்னு ரெண்டும் போச்சி. காலத்துல காட்டியிருந்தா பொழச்சிருக்கும்னு அவரு செத்தப்புறம் ஒரு டாக்டரு சொன்னாரு. இந்த ஜனத்துக்கு அப்படி ஆவக்கூடாது."

யோபு மெகாபோனை நீட்டினார்.

கொல்லகுப்பமும் அதைச் சுற்றியிருந்த மூன்று ஊர்களும் அன்று மாலை அதிர்ந்தன. லோயிஸம்மா வரப்பிலும் வண்டிப்பாதையிலும் ஓட்டமும் நடையுமாகப் போய் முழங்கினார். "நாளிக்கிக் காலையில பெரிய டாக்டரு வராரு! கன்னு பாக்குறாரு! காசு வாணாம்! கன்னு சரியில்லாதவங்க ஒருத்தர் விடாம வாங்க!" வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்து, "ஆங், வரோம், வரோம்!" என்று குதூகலமாகக் கையாட்டினார்கள். இத்தனை சந்தோஷமாக யாரும் வைத்தியத்துக்குச் சம்மதித்து அவர் பார்த்ததில்லை.

காலை எட்டு மணிக்கு வண்டிப்பாதையில் புழுதி கிளம்பியது. லோயிஸம்மா மேசைமேல் ஏறிப் பார்த்தார். நாற்பது, ஐம்பது, அறுபது தலை! "ஸ்தோத்திரம்! ஜனம் வருது! ஜனம் வருது!" என்று குதித்தார்.

ஜனத்தோடு மணிச்சத்தமும் வந்தது. ஆளுக்கொரு கன்றுக்குட்டி.

அந்த வருஷம் கழிச்சல் நோய் வந்து கன்றுகள் செத்து விழுந்துகொண்டிருந்தன. மாட்டு டாக்டர் எட்டிப் பார்க்காத ஊரில், பெரிய டாக்டரே தேடி வருகிறார் என்றால் சும்மா இருப்பார்களா? முன்னால் வந்தவர் கண் டாக்டரைக் கும்பிட்டு, "நாலு நாளா கழியுதுங்க" என்றார். சடகோபன் என்ற நெசவாளி மட்டும் காலிக் கோணியோடு நின்றார். தென்னங்கன்று தருகிறார்கள் என்று நினைத்தாராம்.

யோபு தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா! கண்ணு! நாக்க மடிச்சிச் சொல்லுங்க, கண்ணு!"

"அதத்தானேப்பா சொன்னேன், கன்னு!"

டாக்டர் பெட்டியை மூடினார். ஜனம் முணுமுணுத்துக்கொண்டு திரும்பத் தொடங்கியது. லோயிஸம்மா மேசையிலிருந்து இறங்கினார். இந்தப் பக்கத்துக்கு இனி எந்த டாக்டர் வருவார்?

அப்போதுதான் கூட்டத்தில் சண்டை கிளம்பியது. கன்னியம்மாள் என்பவர் ஒரு பெரியவரின் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கினார். "யோவ் வீரபத்திரா! என் கன்ன எதுக்குய்யா ஓட்டிகினு வந்த?"

"இது என் செவலம்மே!"

"செவலையா? கரிக்கட்டையாட்டம் கறுப்பு இது! கன்ன ஓட்டிகினு வந்தியே, கண்ண வூட்லியா வச்சிட்டு வந்த?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லோயிஸம்மா சிரிக்கவில்லை. ஓடிப்போய் வீரபத்திரனின் மோவாயைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பினார். இரண்டு விழியிலும் நடுவில் வெள்ளையாகப் புரை.

"டாக்டரு! பொட்டியத் தொறங்க!" என்று கத்தினார். பிறகு மெகாபோனை எடுத்தார். "யாரும் போவாதீங்க! எல்லாக் கன்னையும் அந்தப் புளியமரத்தாண்ட கட்டுங்க! இங்க நின்னு அவங்கவங்க கன்ன எனக்குக் காட்டுங்க பாக்கலாம். காட்டாதவங்க கன்ன நான் ஓட்டிகினு போயிடுவேன்!"

விளையாட்டு பிடித்துவிட்டது. ஒவ்வொருவராகக் கோட்டில் வந்து நின்றார்கள். பளிச்சென்று சொன்னவர்களுக்குக் கைதட்டல். கண்ணைச் சுருக்கியவர்கள், கழுத்தை நீட்டியவர்கள், "வெயிலு கூசுதும்மே" என்று சாக்குச் சொன்னவர்கள் எல்லோரையும் லோயிஸம்மா கையைப் பிடித்து டாக்டரிடம் அனுப்பினார். எழுத்து தெரியாத ஊரில் எழுத்து அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கவலைப்பட்டிருந்த டாக்டர், உற்சாகமாகிச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

மதியத்துக்குள் நாற்பத்து மூன்று பேர் தேறினார்கள். பதினொரு பேருக்குப் புரை. யோபு சிரித்துக்கொண்டே பள்ளிப்பட்டு மாட்டு டாக்டருக்கு மனு எழுதி, கன்றுக்காரர்களிடம் கைநாட்டு வாங்கினார்.

கிளம்பும்போது டாக்டர், "அடுத்த மாசமும் வரேன். ஆனா கூப்பிடுறது இந்த அம்மாதான்" என்றார்.

"நாக்க சரி பண்ணிக்கிறேங்க" என்றார் லோயிஸம்மா.

"வேணாம்மா, அப்படியே இருக்கட்டும்."

டாக்டர் சொன்னபடியே மாதாமாதம் வந்தார். வீரபத்திரன் உட்பட ஒன்பது பேர் ஆபரேஷன் செய்துகொண்டு பார்வை பெற்றார்கள். இரண்டு பேர் பயந்துகொண்டு போகவே இல்லை. அது லோயிஸம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது 1987. விடுதி வேலையை விட்டுவிட்டு, அரக்கோணம் ரயில்வே குவார்ட்டர்ஸில் மகன் வீட்டில் ஜெபதாஸோடு இருக்கிறார். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் பள்ளிப்பட்டுப் பக்கம் ஆள் கூப்பிடப் போய்வருகிறார்.