கூப்பிடக் கற்றுக்கொடுத்தவர்

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக்கு மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. வசந்தா டீச்சரின் மகள் கவிதா. "சார், பிரேயர் நேரமா இருக்கும். ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று கேட்டாள். சொல்லும்மா என்றேன். "அம்மா போயிட்டாங்க சார்" என்றாள். பெற்ற தாய் இறந்த செய்தியைக்கூட அனுமதி கேட்டுச் சொல்கிற பெண்ணை அந்த அம்மையாரைத் தவிர வேறு யார் வளர்த்திருக்க முடியும்? மைக் திறந்தே இருந்தது. நான் "ஐயோ" என்றது மைதானம் முழுவதும் கேட்டுவிட்டது.

ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் அரசு நடுநிலைப் பள்ளியில் வசந்தா டீச்சர் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தார்கள். நான் உடற்கல்வி ஆசிரியர். பிள்ளைகளைக் கூப்பிட என்னிடம் விசில் உண்டு, விசில் தொலைந்தால் தொண்டை உண்டு. டீச்சர் பேசினாலோ குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. ஆனாலும் அவர்கள் வகுப்பில் மட்டும்தான் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்கும். இதென்ன மாயம் என்று புதிதாக வந்த நாட்களில் சன்னல் வழியே எட்டிப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேனியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் பாதி. கர்நாடக எல்லையோரத் தளிப் பக்கத்துக் கன்னட வீட்டுப் பிள்ளைகளும் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளும் மீதி. அப்பாமார் பலர் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் நாள் முழுக்க இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவர்கள், வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள். ஆகவே பிள்ளைகளும் ஆசிரியரைக் கூப்பிட பெஞ்சைத் தட்டும், சொடக்குப் போடும், முந்தானையை இழுக்கும். "மிஸ், மிஸ், மிஸ்" என்று நாற்பது வாய் ஒரே நேரத்தில் திறக்கும்.

இவர்களை டீச்சர் ஒருநாளும் அதட்டியதில்லை. ஜூன் மாதம் முதல் வாரம் புத்தகத்தையே திறக்க மாட்டார்கள். ஒரு பிள்ளையைத் தம் நாற்காலியில் உட்காரவைத்து, "நீதான் டீச்சர், நான்தான் பொண்ணு" என்பார்கள். பிறகு தாமே மாணவியாக நடந்து வந்து, டீச்சரின் கண்ணில் படுகிற இடத்தில் நிற்பார்கள். டீச்சர் வேறு யாரோடாவது பேசிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருப்பார்கள். பார்த்த பிறகு தம் பெயரைச் சொல்லி, "ஒரு விஷயம் சொல்லலாமா மிஸ்?" என்று கேட்பார்கள். "ஒந்து நிமிஷா மிஸ்" என்று கன்னடத்தில் கேட்டாலும் "ஒக்க நிமிஷம் மேடம்" என்று தெலுங்கில் கேட்டாலும் அவர்களுக்குச் சம்மதமே.

இதில் ஆசிரியருக்கும் ஒரு கடமை வைத்திருந்தார்கள். கை தூக்கிய பிள்ளையைப் பார்த்து "பார்த்துட்டேன்" என்று தலையாட்ட வேண்டும். "பசங்க இன்னாத்துக்கு சார் கத்துறாங்க? நாம பாக்கலன்னுதானே" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்கள். ஆசிரியர் அறையில் இதைக் கேலி செய்யாதவர் இல்லை. "பாடம் போற வேகத்துக்கு மரியாதை நாடகம் ஒண்ணுதான் குறைச்சல்" என்பார் கணக்கு ஆசிரியர். டீச்சர் சிரித்துக்கொண்டே டீ குடிப்பார்கள்.

பல வருடங்களுக்கு முன் டீச்சரை உலுக்கிப்போட்ட நாள் ஒன்று உண்டு. ஆய்வுக்கு வந்த அதிகாரி வராந்தாவில் டீச்சரை நிறுத்தி ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார். நாகவேணி என்ற மாணவி ஓடி வந்து, சற்றுத் தள்ளி நின்று கை தூக்கினாள். தளிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் அமைதியான பெண். டீச்சர் தலையாட்டினார்கள். அவளும் கையை இறக்கிவிட்டுக் காத்திருந்தாள். அதிகாரிக்குப் பேச்சு முடிவதாக இல்லை. ஒருவழியாக டீச்சர் திரும்பி, "சொல்லும்மா" என்றதும் கற்றுக்கொடுத்தபடியே சொன்னாள்: "மிஸ், நான் நாகவேணி. ஒரு விஷயம் சொல்லலாமா? லோகேஷு குழாயடில விழுந்துட்டான் மிஸ். எழுந்துக்கல."

லோகேஷுக்கு வலிப்பு. முகம் குழாயடித் தண்ணீரில் கிடந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடியவன் நான். டீச்சர் செருப்பில்லாமல் கூடவே ஓடி வந்தார்கள். கடவுள் புண்ணியத்தில் பையன் பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து டீச்சர், "என்னாலதான் சார். அந்தப் பொண்ணு வாய நான்தான் கட்டிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

இனிமேல் அந்த நாடகம் நடக்காது என்றே எல்லோரும் நினைத்தோம். மறுநாள் டீச்சர் நாகவேணியை முன்னால் அழைத்து, வகுப்பு முழுவதும் பார்க்க, "நீ தப்பே பண்ணல கண்ணு. நான்தான் பாதிப் பாடம் நடத்திட்டேன். என்ன மன்னிச்சுரு" என்றார்கள். பிறகு மீதிப் பாடத்தை ஆரம்பித்தார்கள். யாருக்காவது அடிபட்டால், மயக்கம் வந்தால், பயமாக இருந்தால், பேசுவது கலெக்டரே ஆனாலும் நடுவில் புகுந்து கையைப் பிடித்து இழுத்து "அவசரம்" என்று கத்த வேண்டும். கத்திப் பழக்குவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கும் ஒரு காலம் வந்தது!

சொடக்குப் போட்ட வீரர்கள் எல்லாம் உடனே கத்திக் காட்டினார்கள். நாகவேணிக்குத்தான் சத்தமே வரவில்லை. டீச்சர் முதுகைக் காட்டி நின்று, "எனக்குக் கேக்கலயே, கேக்கலயே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அவள் போட்ட கூச்சலில் தலைமையாசிரியர் பதறியடித்து ஓடி வந்தார். டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் காத்திருக்கும் பாடமும் கத்தும் பாடமும் சேர்ந்தே நடந்தன.

அப்படிப் பாடம் நடத்திய டீச்சர் தமக்கு என்ன செய்துகொண்டார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கவிதாவுக்குக் கம்பெனியில் செகண்ட் ஷிஃப்ட், வீடு வர நள்ளிரவு தாண்டிவிடும். ஞாயிறு வேலை முடிந்து வந்து படுத்திருக்கிறாள். விடிவதற்கு முன்பே டீச்சருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. மகள் தானாக எழுந்து வரும்வரை நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஏம்மா எழுப்பல என்று அவள் அலற, "நீ இப்பத்தானே வந்து படுத்த" என்றார்களாம். அதற்குமேல் பேசவில்லை. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

வீட்டு வாசலில் கம்பெனி யூனிஃபார்மோடு பழைய மாணவர்கள் வந்து நின்றார்கள். நாகவேணியும் வந்திருந்தாள். "பக்கத்து ரூம்லதான் சார் இருந்தேன்" என்று கவிதா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தவள் நாகவேணிதான்.

புதன்கிழமை டீச்சரின் வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். ஒரு சத்தமும் இல்லை. எல்லாக் கையும் மேலே இருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தலையாட்டினேன். முதல் பெஞ்சுப் பெண், "மிஸ்ஸுக்கு என்ன ஆச்சு சார்?" என்று கேட்டாள். பிள்ளைகளிடம் பூசி மெழுக எனக்கு வராது. நடந்ததை அப்படியே சொன்னேன். பிறகு வேறொரு பெண் எழுந்தாள். "எங்கம்மாவும் நைட் ஷிஃப்ட் சார். பகல்ல தூங்குவாங்க. எழுப்புனா திட்டுவாங்க. எனக்கு வலிச்சா எப்படி சார் எழுப்பணும்?"

"உலுக்கி எழுப்பு. கத்து. திட்டினா திட்டட்டும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

எழுப்பியிருக்கலாம் டீச்சர். கவிதா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். அமைதியாகத் தூங்குங்கள்.