அக்கா திறந்து பார்க்காத ஒரே பொம்மை

அக்கா நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. படையலுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், பேட்டரி கம்பெனியில் அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும் என் வணக்கம். இதுபோன்ற மலர்களில் மறைந்தவரின் குறைகளை யாரும் எழுதுவதில்லை. நானும் எழுதப் போவதில்லை. ஆனால் ஒரு குறையை அக்காவின் தலையில் கட்டி ஆறு வருடமாக நம் குடும்பங்களில் பேசிக்கொண்டிருக்கிறோம். அது அவருடைய குறை அல்ல. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை நானே எழுதுகிறேன் என்று அடம்பிடித்தேன். முதல் பக்கத்தில் படத்தைப் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடாமல் கடைசிவரை படியுங்கள்.

அக்கா பிறந்தது பாகூர் ஏரிக்குக் கிழக்கே, எங்கள் நிலத்தை ஒட்டிய வீட்டில். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கழனிக்குத் தண்ணீர் கட்டப் போகும் அப்பாவிடம் மூன்று பேட்டரிக் கட்டை போடும் டார்ச் ஒன்று இருந்தது. வெளிச்சம் மங்கினால் கட்டைகளை அவர் எறிந்துவிட மாட்டார். எல்லா வீட்டிலும் செய்வதுபோல வரட்டிக்குப் பக்கத்தில் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார். அப்படிக் காய்ந்த கட்டை ஒன்று டார்ச்சுக்குள்ளேயே கசிந்து ஸ்பிரிங்கோடு ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த அக்கா அதைத் தட்டி எடுத்து அரிவாள்மனையில் பிளந்து பார்த்தார். அதற்காக அம்மாவிடம் வாங்கிய அடியைப் பிற்காலத்தில் பெருமையாகச் சொல்வார். கட்டையின் உடம்பே துத்தநாகத் தகடுதான், அது கரைந்துதான் கரண்ட் வருகிறது, தன் சுவரையே தின்று வேலை செய்யும் பொருளை வெயிலில் வேறு போட்டால் ஓட்டை விழாமல் என்ன செய்யும் என்பதெல்லாம் அவர் பிறகு படித்தது. அப்பா சொல்வதையும் சந்தேகப்படலாம் என்பதை மட்டும் அன்றே தெரிந்துகொண்டார்.

அக்கா லாஸ்பேட்டையில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா இறந்தார். அடுத்த வருடமே அம்மாவும் போய்விட்டார். படிப்பை முடித்த கையோடு அக்கா பேட்டரி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, என்னைப் பாண்டிக்கு அழைத்துவந்து வளர்த்தார். காலையில் எனக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு இரண்டு பஸ் மாறிப் போவார். எனக்கு ஜுரம் வந்தால் அவருக்குச் சம்பளம் போகும். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அங்கே அவர் வேலை பரிசோதனைப் பிரிவில். சுருக்கமாகச் சொன்னால், நல்ல கட்டையைக் கெடுத்துப் பார்ப்பது. தலைகீழாகப் போடுவது, புதியதோடு பழையதைச் சேர்ப்பது, சுடவைப்பது, கீழே போடுவது. எதற்கு இந்தக் கொலைவெறி என்று ஒருமுறை கேட்டேன்.

“வாங்கிட்டுப் போறவன் ஒழுங்கா போடுவான்னு நம்பி எதையும் செய்யக் கூடாதுடா தம்பி. தலைகீழாத்தான் போடுவான். நாலு கட்டையில ஒண்ணு மாறிப் போச்சுன்னா மத்த மூணும் சேந்து அதச் சூடாக்கிடும். உள்ள காத்து சேரும். வெடிக்கறதுக்கு முன்னாடி அது போறதுக்கு ஒரு மெல்லிசான எடம் வுட்டு வைக்கணும். எங்க வுடறது, எவ்ளோ மெல்லிசா வுடறது, அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.”

இந்தப் புத்தியைக் கம்பெனி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருகிறவர் அல்ல அவர். கல்யாண வீட்டில் அன்பளிப்பாகக் குவியும் சுவர்க் கடிகாரங்களைத் திருப்பிப் பார்க்காமல் சாப்பிட உட்கார மாட்டார். அவரைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், “ஒங்க வீட்ல இன்வர்ட்டர் எங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்டார். பூஜை அறையில் என்று மாப்பிள்ளையின் தாயார் பெருமையாகச் சொன்னார். சார்ஜ் ஏறும்போது அந்த பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும், விளக்கேற்றும் இடத்தில் அதை வைக்கக் கூடாது, இன்றைக்கே மாற்றுங்கள் என்று அக்கா சொல்ல, அவர்கள் சொஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்கள். அதன்பிறகு வந்த இடங்களும் தட்டிப்போயின. ‘சந்தேகப் பிசாசு’ என்று நாம் வைத்த பெயர் அவருக்கும் தெரியும். சிரித்துக்கொள்வார்.

நான் பெரிய மார்க்கெட் பக்கத்தில் ஃபேன்சி கடை வைத்ததும் அந்தச் சந்தேகப் புத்தி எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஞாயிறு தவறாமல் வந்து உட்காருவார். பாடும் பொம்மை, மின்னும் சாவிக்கொத்து எல்லாவற்றையும் திருப்பி மூடியைத் தள்ளிப் பார்ப்பார். திருகு இல்லாமல் விரலாலேயே திறந்துகொள்வதையெல்லாம் ஒதுக்கிவைத்து, “இத விக்காத” என்பார். கைக்குழந்தையின் விரல் எதைத் திறக்கும் என்பது அவர் கவலை. என் கவலை வேறு. அவர் கம்பெனிக்காரர்கள்தான் வெளிநாட்டுச் சரக்கை ஒழிக்க அவரை ஏவிவிடுகிறார்களோ என்று சந்தேகப்பட்டேன். தனக்கென்று குடும்பம் இல்லாதவர் என் வாழ்வைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாரோ என்றும் சந்தேகப்பட்டேன். எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் நினைத்தது நினைத்ததுதான்.

என் மகளின் காதுகுத்தில் அது முற்றியது. என் மனைவி வீட்டார் சொல்தா குடும்பம். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், மைத்துனர் இப்போதும் பிரான்சில் இருக்கிறார். அவர் விழாவுக்காக வந்து, பாடும் முயல் பொம்மை ஒன்றைச் சபையில் வைத்துக் குழந்தைக்குக் கொடுத்தார். அக்கா கைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் முயலின் வயிற்றைத் திறந்தார். உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் மூன்று பட்டன் செல்கள். மூடிக்கு நல்ல திருகு.

“நல்லா செஞ்சிருக்கான்” என்று சொல்லித் திரும்ப முடுக்கி, நகத்தால் மூடியை நெம்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அக்காவின் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. ஆனால் மாமியார் முகம் சுருங்கிவிட்டது. “எங்க புள்ள வெசமா வாங்கியாந்தான்?” என்றார். அன்று சாயங்காலம் நான் அக்காவிடம், “இனிமே என் வூட்ல எதையும் தெறக்காத” என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

சில வாரம் கழித்து சென்னையிலிருந்து ஒரு பெட்டிச் சரக்கு வந்தது. மஞ்சள் வாத்து. தலையை அமுக்கினால் கண் மின்னிப் பாடும். அடிவயிற்றில் மூடி, விரலால் தள்ளினால் போதும். அது எனக்குத் தெரியும், இருந்தும் அக்காவுக்குத் தெரியாமல் பின் அடுக்கில் வைத்து விற்றேன். நன்றாகவே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுக்கென்று ஒன்றைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போனேன். அங்கே அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் படக் கூடாதென்று வாத்தை வெளியே எடுக்காமல் பையோடு கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அப்புறம் மறந்துவிட்டேன்.

மறுநாள் மதியம் மனைவி போன் செய்தாள். குழந்தை சோற்றைத் தள்ளுகிறாள், எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது என்றாள். பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எக்ஸ்ரேயில் தொண்டைக்குக் கீழே வட்டமாக ஒன்று. காசு விழுங்கியிருக்கிறாள், தானாகவே இறங்கிவிடும், இல்லாவிட்டால் நாளைக் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். காசுதானே என்று எல்லோருக்கும் உயிர் வந்தது. நம் வீடுகளில் காசு விழுங்காத பிள்ளை ஏது? மாமியார் வழுக்கிக்கொண்டு இறங்கட்டும் என்று வாழைப்பழத்தைப் பிசைய ஆரம்பித்தார்.

செய்தி கேட்டு அக்கா கம்பெனியிலிருந்து நேராக வந்தார். படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“காச வாயில போட்டத யார் பாத்தது?”

யாரும் பார்க்கவில்லை.

“அப்ப காசுன்னு எப்படிச் சொல்றீங்க? மொதல்ல அந்தப் பழத்தக் கீழ வைங்க.” பிறகு என்னைக் கூப்பிட்டார். “ஓரத்தப் பாருடா. வெளிய ஒரு வட்டம், அதுக்குள்ள இன்னொரு வட்டம் தெரியுதா? காசு ஒரே தகடு, அதுக்கு ஒரு வட்டந்தான். இது ரெண்டு மூடிய ஒண்ணுக்குள்ள ஒண்ணு அமுக்கினது. இது செல்லுடா. எச்சில் பட்ட எடத்துல கரண்ட் ஓடிக்கினே இருக்கும். சதை வெந்துடும். நாளைக்கி வரைக்கும் தாங்காது.”

சொல்லிக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்த்தார். அலமாரியில் இருந்த முயலை எடுத்துத் திருப்பினார். திருகு இறுக்கமாக இருந்ததை அவரும் நானும் மட்டும் பார்த்தோம். அதற்குள் மாமியார், “பாத்தியா, எம் புள்ள மேலயே பழி போடறா” என்று அழ ஆரம்பித்துவிட்டார். அக்கா அவரைக் கவனிக்கவில்லை.

“வீட்ல வேற எதாவது பொம்மை இருக்கா?” என்று என்னிடம் கேட்டார்.

கட்டிலுக்கு அடியில் பை வாய் பிளந்து கிடந்தது. வாத்து மல்லாந்திருந்தது, அடிவயிற்றில் மூடி இல்லை. நான் காலால் பையை உள்ளே தள்ளினேன்.

“இல்லக்கா” என்றேன்.

அக்கா அதற்கு மேல் ஒரு நொடிகூட நிற்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்காரச் சொன்னபோது, படத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “இது காசு இல்ல டாக்டர், காசு இல்ல” என்று அவர் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. இளம் பெண் டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார். உடனே உள்ளே கொண்டுபோனார்கள். எடுத்துக்கொண்டு வந்து காட்டியபோது செல்லின் ஒரு பக்கம் கருகியிருந்தது. உணவுக்குழாய் வெந்திருக்கிறது, ஓட்டை விழவில்லை, காலைவரை விட்டிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். அந்தச் செல்லை அக்கா ஒரு சிறு பாட்டிலில் போட்டு வாங்கிக்கொண்டார். நாங்கள் யாரும் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

இனி எழுதப் போவது உங்களில் யாருக்கும் தெரியாது. மாற்றுத் துணி எடுக்க நான் மட்டும் வீட்டுக்குத் திரும்பினேன். வாத்தைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டேன். அதோடு நிற்கவில்லை. முயலின் திருகைக் கழற்றி ஒரு செல்லை எடுத்து எறிந்துவிட்டு, மூடியைத் தொங்கவிட்டுத் தரையில் வைத்தேன். மாமியார் வந்து பார்த்தார். காதுகுத்தில் அக்கா திறந்துவிட்டுச் சரியாக முடுக்காமல் விட்டதால்தான் இப்படி என்று அவரே முடிவுகட்டினார். ஊரும் அதையே சொன்னது. பேட்டரி படித்தவளே பிள்ளைக்கு எமனாகப் பார்த்தாள் என்று, இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களிலும் சிலர் சொன்னீர்கள். நான் வாய் திறக்கவில்லை. அக்காவும் மறுக்கவில்லை. அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்கிற சந்தேகம்தான் அன்றிலிருந்து என் தூக்கத்தைத் தின்றது.

அடுத்த ஞாயிறு அவர் கடைக்கு வந்தார். கையில் ஒரு டப்பா நிறையச் சிறு திருகுகள், ஒரு கைத்துளைப்பான். எதையும் கேட்காமல் அடுக்குகளைத் தாண்டி நேராக வாத்துப் பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தார். மிச்சமிருந்த ஒவ்வொரு வாத்தின் மூடியிலும் துளை போட்டுத் திருகு வைத்தார்.

“இதுல எத்தன போச்சு?” என்று தலை நிமிராமல் கேட்டார்.

“ஒண்ணும் போவலக்கா” என்றேன். அதுவும் பொய்.

அதன்பிறகு ஐந்து வருடமும் ஞாயிறுதோறும் என் கடைச் சரக்குக்கெல்லாம் அவர் திருகு வைத்தார். உடம்பில் நோய் பரவி விரல் நடுங்கத் தொடங்கிய பிறகும் வந்தார். என் மகளைப் பார்க்க மட்டும் வீட்டுக்கு வரமாட்டார். பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நானே வாயெடுத்தேன். முடிக்க விடவில்லை.

“முயலோட செல்லு சின்னதுடா. கொழந்த தொண்டையில இருந்தது எட்டணா காசு அளவு. டாக்டர் கையில பாத்தப்பவே தெரியும். நீ காலால தள்ளின பையில வாத்து கெடந்ததும் கண்ணுல பட்டுது.”

“ஏன்க்கா சொல்லல?”

“சொன்னா நீ அவங்க முன்னாடி தல குனியணும். கொழந்த அந்த வூட்ல வளரணும். என்னத்தான் ஏற்கெனவே பிசாசுன்னாச்சே.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “அத வுடு. போன வாத்த எல்லாம் தேடிப் புடிடா. எந்த வூட்ல இருக்கோ, எந்தப் புள்ள கையில இருக்கோ.”

மூன்றாம் நாள் அக்கா போய்விட்டார். அவர் கேட்டது அது ஒன்றுதான். தன் பெயரைத் திருப்பித் தரும்படி அவர் கேட்கவில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை என் மனைவியிடம் கொடுத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “எங்கம்மா அந்த மொயலக் கண்ணீரோட தூக்கிப் போட்டப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “எங்க அண்ணனுக்கும் ஒரு மலரு தபால்ல போடுங்க” என்றாள். போட்டிருக்கிறேன்.

அன்று வாடகையைப் பற்றி வாயே திறக்காமல் வண்டியை விரட்டிய ஆட்டோக்காரர், ஒரு பெண்ணின் கூச்சலுக்குக் காது கொடுத்த அந்த டாக்டர், கடைசி மாதங்களில் முறை போட்டுக்கொண்டு அக்காவின் படுக்கையருகே இருந்த பரிசோதனைப் பிரிவுத் தோழிகள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமியாரும் மைத்துனரும் என்னை மன்னிக்க வேண்டும். எட்டு வயதாகும் என் மகளிடம் அவள் அத்தை யார் என்பதை இன்று படையலின் முன்னால் நானே சொல்கிறேன்.

இப்படிப்பட்ட நாளில் எவர்சில்வர் கிண்ணம் ஒன்று கொடுப்பது வழக்கம். நாங்கள் ஒரு சிறிய திருப்புளி வைத்திருக்கிறோம். வீட்டுக்குப் போனதும் பரணிலும் பழைய பொம்மைப் பெட்டியிலும் தேடுங்கள். மஞ்சள் வாத்து, அமுக்கினால் கண் மின்னும், மூடியில் திருகு இருக்காது. பாடாமல் நின்றுபோயிருந்தாலும் உள்ளே இருக்கும் செல் ஆபத்துதான். குழந்தைகள் கைக்கு எட்டாமல் எடுத்து என்னிடம் கொண்டுவந்து கொடுங்கள். எங்கே வாங்கினோம் என்று நினைவில்லாவிட்டால், என் கடையில்தான் வாங்கினோம் என்று சந்தேகப்படுங்கள்.