நிறுத்தாமல் விட்ட த்ரெட்

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையின் உலைக்கு நாங்கள் எழுதும் மென்பொருளில், பிழை இருக்கிறதா என்று சோதிக்க பஷீர் எழுதிய டெஸ்ட் தினமும் ஃபெயில். தனியாக ஓட்டினால் பாஸ் என்று அவன் கத்தினான். ஒருத்தரும் கேட்கவில்லை, நானும்தான். போன வாரம் அவனை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

இன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். அவன் டெஸ்டுக்கு முன்னால் ஓடும் என் டெஸ்ட், முடிந்த பிறகும் த்ரெட் என்கிற ஒரு கிளை வேலையைப் பின்னணியில் ஓடவிட்டிருக்கிறது. அது அவன் டெஸ்டின் வெப்ப அளவை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

த்ரெட்டை நிறுத்த இரண்டே வரி சேர்த்தேன். எல்லாம் பாஸ்.

மேனேஜரிடம் போனேன். "தப்பு என்னுது சார். பஷீரைத் திரும்பக் கூப்பிடுங்க."

"அதான் இப்ப ஃபெயில் ஆவலியே. இனிமே அவன் இன்னாத்துக்கு?"

ஊருக்கு, பழவேற்காட்டுக்கே போய்விட்ட பஷீருக்குப் போன் போடணும். 'உன் டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சு பாய்' என்று ஆரம்பிக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.